கடைக்குப் போக மாட்டேன்

நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு டீச்சர் கரும்பலகையில் ஒரு சிறுமியை வரைந்தார். நம் உடம்பு நம்முடையது. யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், பெரியவர்களிடமும் சொல்லலாம். பிறகு நம்பிக்கையான ஒருவரிடம் வந்து சொல்லிவிட வேண்டும் என்றார். பையன்கள் ஒருவரையொருவர் தொட்டு, ‘வேணாம்’ என்று கத்திச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் குடிக்க மூன்று முறை எழுந்து போனேன்.

அப்போது இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனி ஆட்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்தோம். அப்பா, அம்மா இருவருக்கும் ஷிப்ட் வேலை. முன்பக்கம் வீட்டுக்காரரின் தம்பி மளிகைக் கடை வைத்திருந்தார். பால் வாங்கப் போனால் உள்ளே கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வார். இறங்கப் பார்த்தால் பிடி இறுகும். அப்புறம் ஒரு தேன்மிட்டாய் தருவார். பிள்ளைகள் மேல் பிரியமானவர் என்று தெருவே சொன்னது. பிரியம் என்றால் இப்படித்தான் இறுக்கிப் பிடிப்பார்கள் போலிருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிறு மதியம், ஓவர்டைம் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா பால் வாங்கி வரச் சொன்னாள். போக மாட்டேன் என்றேன்.

“இன்னாடி ஆச்சு? நேத்து வரைக்கும் போய்க்கினு தானே இருந்த?”

சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து என்றேன். விறுவிறுவென்று கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சாமான் வாங்க நின்றிருந்தவர்கள் முன்னால், அதுவரை அண்ணா என்று கூப்பிட்டவரை முதல்முறையாக ‘நீ’ என்றாள்.

“எம் பொண்ணு மேல இனிமே உன் கை பட்டுது, பார்த்துக்கோ.”

குழந்தை என்று தூக்கி வைத்தது ஒரு தப்பா என்று அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அம்மா இல்லாமலே போயிற்று.

மறுநாள் டீச்சரையும் கூட்டிக்கொண்டு அம்மா காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் அப்பா சாமான்களைக் குட்டியானை மினி லாரியில் ஏற்ற, குன்றத்தூருக்கு வந்துவிட்டோம். புதுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒருவரையும் தெரியாது. நான் வாயைத் திறந்ததால்தானே இத்தனையும் என்று அழுதேன்.

குன்றத்தூரிலிருந்து வேலைக்குப் போக வெகுதூரம். நான் கண் விழிக்கும்போது அம்மா கிளம்பிப் போயிருப்பாள். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அவ்வளவு சீக்கிரம் போகிறாள் என்று நம்பினேன். அந்த வருஷம் முழுக்க, அவளிடம் மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.