ஃபைலில் ஆறு மாதக் குழந்தை

"ஃபைலுக்கு வயசு ஏறாது தம்பி, ஆனா..." என்று சொல்லித்தான், எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்த பெரியவர் சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். 'ஆனா'வுக்குப் பிறகும் ஏதோ சொன்னார். அது மறந்துவிட்டது. பிள்ளை இல்லாதவர்களுக்கும் பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

கொழும்பில் பதினைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் அங்கே படித்ததால் தமிழும் மலையாளமும் எழுதுவேன். அதற்காகவே தென்காசியில் ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் எழுத்தர் வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஓர் ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தவனும் நின்றுகொண்டுதான் இருந்தான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கூடை யாருடையது

நான் சேர்ந்த வருஷம் ஆனிச் சாரலில், குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில், சுங்கச்சாவடித் தடுப்புக் கம்புக்கு அடியில் ஒரு பலாப்பழக் கூடை கிடந்தது. உள்ளே பிறந்து பத்து நாள்கூட ஆகாத பெண் குழந்தை. கம்புக்கு இந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், அந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. இரண்டு பக்கத்துப் போலீஸும் வந்து, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் நாடா பிடித்து அளந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பலாப்பழ வியாபாரிதான் அதன் மேல் குடையைப் பிடித்தார்.

தமிழில் ஒரு ரிப்போர்ட், மலையாளத்தில் ஒரு ரிப்போர்ட். இரண்டையும் நான் மொழிபெயர்த்து அங்கும் இங்குமாக அனுப்பினேன். 'இந்தக் குழந்தைமேல் எங்களுக்குப் பாத்தியதை இல்லை' என்று அந்த சர்க்கார் ஒரு கடிதம் தர வேண்டும். பதினாறு மாதம் காத்திருந்தோம். அதற்குள் செங்கோட்டையே இந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது, அந்த ராஜ்யமும் கலைந்துவிட்டது. கடிதம் எழுத வேண்டிய சர்க்காரே இல்லை என்பதால் ஃபைலை முதலிலிருந்து தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றைக்குச் சாவடியில் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் சொன்னது இன்றும் காதில் கிடக்கிறது: "தலை கிடந்தது உங்க பக்கமாக்கும், அதனால ஆளு உங்க ஆளு. கூடை மட்டும் எங்க சர்க்காருக்குள்ளது, அதைத் திருப்பித் தரணும்."

நாலாவது கலம்

சீசனில் கிடைக்கிற பெண் பிள்ளைகளுக்கெல்லாம் குற்றாலத்து அம்மன் பெயரை வைப்பது எங்கள் இல்லத்து வழக்கம். இவளும் குழல்வாய்மொழி ஆனாள். இவளுக்கு ஆறு மாதம் ஆனபோது ஆய்க்குடியிலிருந்து ஆறுமுகமும் அவர் மனைவி செல்லம்மாளும் வந்து பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, சொந்த வயல், பிள்ளை இல்லை. செல்லம்மாள் தூக்கியதும் குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை. அன்றைக்கே விண்ணப்பம் எழுதினேன். கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்கிவிட்டால் பிள்ளை அவர்களோடு போய்விடும். ஆனால் கோர்ட்டுக்குப் போகுமுன் விண்ணப்பம் ஜில்லா ஆபீஸைத் தாண்ட வேண்டும்.

செங்கோட்டைச் சிக்கல் ஓய்ந்த பிறகும் அது தாண்டவில்லை. 'நாலாவது கலம், தகப்பன் பெயர், காலி' என்று திரும்பி வந்தது. 'தெரியாது' என்று எழுதி அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, 'தெரியாது என்பது பெயர் ஆகாது' என்று சிவப்பு மையோடு வந்தது. திருநெல்வேலிக்கு பஸ் ஏறி நேரில் போய்க் கேட்டேன். அந்தப் பிரிவு குமாஸ்தா கெட்டவர் இல்லை. காப்பி வாங்கிக் கொடுத்தார், என் கொழும்புக் கதையெல்லாம் கேட்டார். பிறகு ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெகு அக்கறையாகச் சொன்னார்: "காலியிடம் இருக்கப்படாது வே. தகப்பன் கையெழுத்து வேணும். தகப்பன் இல்லேன்னா, இல்லேன்னு அந்தத் தகப்பனையே ஒரு வரி எழுதித் தரச் சொல்லும்."

ஒரே வாரம்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூசுகிறது. குழல்வாய்மொழிக்கு மூன்று வயது நடந்தபோது, சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்திருந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி காரில் வந்து இறங்கினாள். எட்டு வயதுப் பெண்ணாக ஒன்று வேண்டும் என்றாள். நான் வழக்கம்போல விண்ணப்பத்தை எடுத்து, ஆறுமுகம் தம்பதி இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காத்திருப்பதையும் சொல்லி எச்சரித்தேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

அவள் கேட்டது வீட்டு வேலைக்கு. அதற்குக் கோர்ட்டும் வேண்டாம், நாலாவது கலமும் வேண்டாம். 'நல்ல இடத்தில் ஊழியத்துக்கு அனுப்பப்பட்டாள்' என்று எங்கள் கமிட்டி ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்தது. ஒரே வாரத்தில் முடிந்தும் விட்டது. கடிதத்தை எழுதிய கை என்னுடையது. காரில் ஏறின பிள்ளை தன் தகரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்: "மகளா எடுத்தாத்தான் சார் கோர்ட்டும் கச்சேரியும். எனக்குப் பாத்திரம் தேய்க்கத்தானே."

ஆஜர்

அப்புறமும் நாலாவது கலத்துக்காக வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக, குழந்தையை நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத ஜில்லா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். இரும்புக் கதவைத் திறந்துவிட்டவளே குழல்வாய்மொழிதான். அவருடைய குடையை வாங்கி மூலையில் சாத்தி வைத்துவிட்டு, என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குழந்தை எங்கே?" என்றார்.

"நாந்தான்," என்றாள் அவள்.

அவர் ஃபைலைப் பார்த்தார். 'வயது ஆறு மாதம், பல் முளைக்கவில்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவளுக்கோ ஐந்தரை வயது, முன்பல் ஒன்று விழுந்துகூட விட்டது. இத்தனை வருஷத்தில் பிள்ளை வளர்ந்திருக்காதா என்று கேட்டேன். அதற்கு அவர், "உங்க இல்லத்துல எத்தனை குழல்வாய்மொழி?" என்று கேட்டார். மூன்று பேர். இவள் வேறொருத்தி என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சாமி கும்பிட்டு வைத்த பெயர் இப்படி வந்து குறுக்கே விழும் என்று யார் கண்டது? அவர் 'குழந்தை ஆஜர் செய்யப்படவில்லை' என்று எழுதி, மை காய ஊதினார். போகும்போது அவள் எடுத்துக் கொடுத்த குடையை வாங்கிக்கொண்டு, அவள் கன்னத்தைத் தட்டினார். "கெட்டிக்காரப் பிள்ளை சார். இதை யாராவது தத்து கேட்டா உடனே எழுதுங்க."

படிப்பாயசம்

ஆறு வயது முடிந்த பெண் பிள்ளைகளை மதராஸில் இருக்கிற பெரிய இல்லத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்தது. அங்கே போனால் புது நம்பர், புது ஃபைல். அறுபத்தொன்று ஆனியில் குழல்வாய்மொழி பெயரும் அந்தப் பட்டியலில் வந்தது. திங்கட்கிழமை ரயில்.

மாதாமாதம் கார்த்திகைக்குக் கோயில் முடித்துவிட்டு ஆறுமுகமும் செல்லம்மாளும் இல்லத்துக்கு வருவார்கள். அந்த மாதக் கார்த்திகை சனிக்கிழமை வந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஆறுமுகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். "மெட்ராஸுக்கும் மாசாமாசம் போவோம்ட்டீ," என்று மனைவியிடம் சொன்னார். குழல்வாய்மொழி செல்லம்மாளின் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, "அடுத்த கார்த்திகைக்கு வருவியள்லா?" என்று கேட்டாள்.

செல்லம்மாள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "பிள்ளை வரம் கேட்டு ஆய்க்குடிப் படித்துறையில அஞ்சு வருஷமா பாயசம் ஊத்துதேன் சார். ஊர்ப் பிள்ளையெல்லாம் வரிசையா உக்காந்து படியில வழிச்சுத் திங்குது. எம்பிள்ளை மட்டும் உங்க ஃபைலுக்குள்ள கெடக்கா."

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஒரு கேட் பாஸ் புத்தகம் உண்டு. அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இருந்தது. பெயர் என்ற இடத்தில் குழல்வாய்மொழி என்று எழுதினேன். கூட்டிச் செல்பவர்: ஆறுமுகம், செல்லம்மாள். காரணம்: ஆய்க்குடியில் படிப்பாயசம் சாப்பிட. திரும்பி வரும் தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.