திருச்சியிலிருந்து அக்கரப்பத்தனைக்கு ஒரு மணி நேரமாம்!

அக்கா மகளின் கல்யாணத்துக்காகச் சென்ற மாதம் இலங்கை போய் வந்தேன். இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் தேயிலைத் தோட்டத்து எங்கள் ஆட்களைப் பங்கு போட்டபோது, பள்ளிப் பையனான நான் அப்பா அம்மாவோடு திருச்சிக்கு வந்தேன். கல்யாணமாகியிருந்த அக்கா அக்கரப்பத்தனைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டாள். அந்த இரண்டு அரசுகளையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. அங்கேயே தங்கிவிட்ட சித்தப்பா மகன் முருகேசையும்தான். என் அப்பா திருச்சியில் இறந்தபோது அவன் வரவில்லை.

விமான தூரம் கணக்கிடும் இணையதளத்தில் திருச்சி, கொழும்பு என்று இட்டால் சுமார் 420 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் என்று வரும். அப்பா இறந்த அன்றும் அதைப் பார்த்துவிட்டுத்தான், "ஒரு மணி நேரம் வர முடியலையாடா உனக்கு?" என்று போனில் அவனைக் கிழித்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஆறு மணிக்கு நலங்கு. பெண்ணுக்குத் தாய்மாமன் முதல் மாலை போட வேண்டும். நான் பிந்தினால் அந்த உரிமை அடுத்த மாமனான முருகேசுக்குப் போய்விடும். விடுவேனா? அன்று காலை 10.30 விமானம், 11.30க்குக் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம். அதே இணையதளம் அங்கிருந்து அக்கரப்பத்தனைக்கு 97 கிலோமீட்டர் என்றது. நான்கு மணிக்குள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வெளியே வர 12.30. ஹட்டன்காரர் நிசாமின் வேன், வாடகை முப்பதாயிரம் இலங்கை ரூபாய். என் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "சார், உங்க போன்ல மலையே இல்ல போலிருக்கே. ரோட்டுல நூத்தம்பதுக்கு மேல வருங்க."

கித்துல்கலை தாண்டியதும் வளைவுகள். கினிகத்தேனையில் மழை பிடித்தது. மண் சரிந்து ஒரு வழியாகத்தான் வண்டிகளை விட்டார்கள். ஆத்திரமாக வந்தது. ஆனால் தலவாக்கலைக்கு முன்னால் மழை விட்டதும் டெவோன் அருவி பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் தேயிலைச் சரிவுகள், கழுவி வைத்த பச்சை. உலகத்தில் எதையும் எளிதில் பாராட்டாதவன் நான். வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"சார், மாலை போடணும்னீங்களே?" என்றார் நிசாம்.

அப்போதுதான் அக்கா அழைத்தாள். "எங்கடா தம்பி இருக்க? ஐயர் கத்துறாரு. முருகேசு கையில மாலையக் குடுத்தாச்சு."

சரி, போட்டிருப்பான் என்று முடிவு செய்துகொண்டேன். அக்காவின் வரிசை வீடான லயத்து வாசலில் இறங்கியபோது மணி ஏழரை. பந்தல் நிறைய ஆட்கள் குளிரில் காத்திருந்தார்கள். பெண் மணையில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மாலை இல்லாமல். பக்கத்தில் முருகேசு, இரண்டு கையிலும் மாலையை ஏந்தியபடி.

"புடிண்ணே, கை விட்டுப்போச்சு. நான் போட்டா காலத்துக்கும் சொல்லிக்காட்டுவீங்க."

வாங்கிப் பெண்ணுக்குப் போட்டேன். குலவைச் சத்தம் அடங்கியதும் அவன் உரக்கக் கேட்டான்.

"ஏண்ணே, அந்த ஒரு மணி நேரம் இப்பதான் முடிஞ்சிச்சா?"

பந்தலே சிரித்தது.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: இணையதளம் காட்டுவது இடத்துக்கும் இடத்துக்கும் இடையிலான நேர்க்கோடு மட்டும். பாஸ்போர்ட் பார்க்கும் குடிவரவு வரிசைக்கு ஒரு மணி நேரம், மலைப்பாதைக்கு ஆறு, மழைக்கு இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விசேஷம் என்றால் முதல் நாளே போய்விடுங்கள். டெவோன் அருவிக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அப்பா சாவுக்கு முருகேசு வந்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் ஒரு மணி நேரம் என்று இனிச் சொல்ல மாட்டேன்.