இடது காலின் மகிமை

எங்கள் தெருவில் என் தலையைவிடக் கால்களுக்குத்தான் மரியாதை அதிகம். தலையின் லட்சணத்தை ரேங்க் கார்டு சொல்லிவிடும். கால்களின் கதை வேறு. நான் பிறந்தபோது தலைக்கு முன்னால் கால்கள் வெளியே வந்துவிட்டனவாம். அப்படிப் பிறந்த பிள்ளை இடது காலால் மூன்று முறை உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பதை ஐயப்பன்தாங்கலில் அன்று டாக்டர்களைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் பெரியவர்கள் குப்புறப் படுத்துக் காத்திருப்பார்கள். எட்டு வயதில் ஊரையே உதைக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அந்த வருடம் அம்மாவின் தங்கை எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். பிசியோதெரபி, கடைசி வருடம். அப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "கைகால் புடிச்சி உடறதுக்கு ஒரு படிப்பா? இன்னாமா இது!" என்று சிரிப்பார். சித்தியும் கூடவே சிரிப்பாள். ஒருநாள் உதை வாங்க வந்த தையற்கடை பாயிடம், உங்கள் ஸ்டூல் தாழ்வாக இருக்கிறது, அதனால்தான் கூன் போட்டுத் தைக்கிறீர்கள், அடியில் ஒரு பலகை போடுங்கள் என்றாள். பாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஒதைம்மா கண்ணு" என்று படுத்துவிட்டார். என் தொழிலில் மண்ணைப் போட வந்தவள் என்று சித்தி மேல் எனக்கு ஒரே ஆத்திரம்.

அப்பா பஸ் டிரைவர். ஒரு காலையில் தண்ணீர் லாரியிலிருந்து நிறைகுடத்தைத் தூக்கித் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஊசி போட்டுப் படுத்திருக்கச் சொன்னார். பத்து நாள் ஆயிற்று. வலி இடுப்பிலிருந்து இறங்கி இடது கணுக்கால் வரை வந்து நின்றுகொண்டது. சித்தி ஒரு சாயங்காலம் அவர் காலருகே உட்கார்ந்து, கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி, அதன்மேல் தன் ஒற்றை விரலை வைத்து அழுத்தினாள். அப்பாவின் விரல் எதிர்ப்பே இல்லாமல் மடங்கியது.

"மாமா, கிளட்ச் மிதிக்கிறது இந்தக் கால்தானே?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் கால் விளங்காவிட்டால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டெப்போவில் ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அது எனக்கே புரிந்தது.

குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குங்கள் என்றாள் சித்தி. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மச்சினிச்சி சொன்னான்னு நான் தரையில நெளியணுமா? எம்பொண்ணைக் கூப்டு. மூணு ஒத உட்டா எல்லாம் சரியாப் பூடும்."

சொல்லி முடிக்குமுன் நான் ஓடி வந்தேன். அப்பா குப்புறப் படுத்தார். நான் காலை ஓங்கினேன். அந்தரத்திலேயே என் கணுக்காலைப் பிடித்துவிட்டாள் சித்தி. பொறாமை என்று நினைத்தேன்.

அவள் திட்டவில்லை. என் காலைக் கீழே விடாமலே அப்பாவிடம் சொன்னாள்: "மாமா, இது சாதாரணக் கால் இல்ல. நரம்பு வலிக்கு இவ ஒதைக்கக் கூடாது, கட்டைவிரலால தொட்டாலே போதும். ஆனா இவ தொட்டுகினு இருக்கும்போது நீங்க முழங்கையை ஊனி நெஞ்சைத் தூக்கணும். பத்து தடவை. அப்பதான் சக்தி உள்ள எறங்கும்."

சித்திக்காக நெளியாத அப்பா என் காலுக்காக நெளிந்தார். தினமும் மூன்று வேளை. நான் கட்டைவிரலை இடுப்பில் வைத்துக்கொண்டு வாத்தியார்போல எண்ணுவேன். வலி எதுவரை இருக்கிறது என்று கேட்டு அவர் காலில் நீலச் சாக்பீஸால் கோடு போடும் வேலையையும் சித்தி எனக்கே கொடுத்தாள். முதலில் கணுக்காலில் இருந்த கோடு, அடுத்த வாரம் ஆடுசதைக்கு வந்தது, அப்புறம் முட்டிக்கு.

"என்னடி, மேல ஏறுதே!" என்று அம்மா பதறினாள்.

"நல்லதுக்கா. வந்த வழியாவே திரும்பிப் போவுது."

கோடு போட இடமில்லாமல் போன நாளில் சித்தி மறுபடியும் அப்பாவின் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் விரல்தான் மேலே போயிற்று. அவள் சட்டென்று எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்பா டூட்டிக்குப் போனார். முதுகுக்குச் சுருட்டிய துண்டு வைக்க வேண்டும், ஒவ்வொரு டிரிப்பின் முடிவிலும் இறங்கி நின்று பின்னால் வளைய வேண்டும் என்றெல்லாம் சித்தி என் காதில் ஓத, என் வாயால் கேட்டு அப்பா தட்டாமல் செய்தார். என் புகழ் வேலப்பன்சாவடி வரை பரவி வாசலில் கூட்டம் சேர்ந்தது. அப்போதுதான் சித்தி என் தலையில் கல்லைப் போட்டாள். பெற்ற அப்பாவுக்குக் கொடுத்ததோடு காலின் சக்தி தீர்ந்துவிட்டது என்று வந்தவர்களிடம் வருத்தமாகச் சொல்லிவிட்டாள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். வந்தவர்கள் வந்ததுதான் வந்தோம் என்று அவளிடம் வலியைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பாயின் ஸ்டூலுக்கு அடியிலும் பலகை வந்தது.

அப்பா எனக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வந்தார். சித்தியிடம் "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருடம் எனக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. கிளினிக்கில் ஒரு சின்னப் பெண், "குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குங்க மேடம், பத்து தடவை" என்றாள். நான் படுத்தபடி, முதுகில் ஒரு கட்டைவிரல் படும் என்று காத்திருந்தேன். எதுவும் படவில்லை. ஆறாவது தடவை தூக்கும்போது அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று அந்தப் பெண் பயந்துபோனாள்.

கொலுசு வந்த அன்று என் காலைத் தன் மடியில் வைத்துத் திருகாணியை முடுக்கியவள் சித்திதான். "நான்தானே சித்தி அப்பாவைச் சரி பண்ணேன்?" என்று கேட்டேன்.

"பின்ன? நீதாண்டி" என்றாள், இன்னொரு காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.