சீடிக் கடையும் இங்கிலாந்துப் பெடியள் நாலு பேரும்

பாட்டு விற்கிறவனுக்குப் பாட்டு விளங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த நீங்கள் எல்லாரும் இதை ஒத்துக்கொள்வீர்கள். படகில் வந்து, தற்காலிக விசாவில் இருந்த எனக்கு 2012இல் கிடைத்த முதல் வேலை, மெல்பேர்னில் ஒரு சீடிக் கடை. அந்த நேரம் இங்கிலாந்துப் பெடியள் நாலு பேர் பாட்டுக் குழுவாகச் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம்தான் கடை முழுக்க.

என்ன பாடுறான்?

சேர்ந்த முதல் கிழமை. நெடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் ஹெட்போனில் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "மூன்றாவது பாட்டில் என்ன சொல்லுறான்?" என்றார். நானும் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவர் உடனே முதலாளி கேரனைக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். கேரனும் கேட்டுப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். அவர் சிரித்தபடி இரண்டு சீடி வாங்கினார்.

"நான் இங்கேயே பிறந்தவன், எனக்கும் விளங்கேல்லை. விளங்கினமாதிரி நடிக்காத முதல் சேல்ஸ்மன் நீதான்!"

சிரிக்காத பிள்ளைகள்

மெல்பேர்னுக்கு வெளியே கேரம் டவுன்ஸில் இருக்கிற கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீற்றோடு ஒரு அன்ரி வந்தார். மகனின் பிறந்தநாளுக்கு ஆல்பம் வேண்டுமாம், பெயர் தெரியாது. "நாலு பெடியள் தம்பி, ஒருத்தரும் சிரிக்கேல்லை" என்பதுதான் அடையாளம். அப்படிப்பட்ட சீடி அட்டைகள் எங்களிடம் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். கடைசியில் நம்ம நாலு பேரையும் கண்டுபிடித்துவிட்டார். அட்டையைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"பாவங்கள், அங்க சாப்பாடு சரியில்லைப்போல!"

வரிசை

அந்த நாலு பேருமே ஒருநாள் கையெழுத்துப் போடக் கடைக்கு வந்தார்கள். காலையிலிருந்தே வாசலைத் தாண்டி வரிசை. நான் கவுன்டரில் நிற்கையில் போன் அடித்தது. வவுனியாவிலிருந்து மாமி, மனைவியின் அம்மா. மனைவியை வயிற்றுப் பிள்ளையோடு விட்டுத்தான் நான் படகேறியிருந்தேன். "பொம்பிளைப் பிள்ளை தம்பி. ரெண்டு பேரும் சுகம். இவள் உங்களோட கதைக்கோணும் எண்டு நிக்கிறாள்" என்றார்.

கண் நிறைந்து, கையிலிருந்த சீடி நழுவியது. என்னவென்று கேட்ட கேரனுக்கு, "பேபி... கேர்ள்" என்று மட்டும்தான் வாயில் வந்தது. செய்தி வரிசை வழியே வாசல்வரை போனது. எல்லாரும் கைதட்டினார்கள். தங்களுக்கென்று நினைத்து நாலு பெடியளும் எழும்பிக் கையசைத்தார்கள். இவ்வளவு சனத்தை நிற்கவைத்துவிட்டு எப்படிப் போய்க் கதைப்பது என்று நான் போனும் கையுமாகத் தயங்கினேன். முன்னால் நின்ற, மூக்குக் குத்திய பெட்டைதான் சொன்னாள்:

"காலமையிலிருந்து நிக்கிறம், இன்னும் கொஞ்சம் நிப்பம். நீங்கள் போய் மனுசியோட கதையுங்கோ."

சம்பளம் சின்னன்தான், ஆனால் நான் அப்பாவான செய்திக்கு ஊரே திரண்டு கைதட்டின வேலை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.