முன் சீற்றில் இருந்தவர்

எங்கள் காரின் முன் சீற்றில், அப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு குளிர்காலம் முழுக்க என் செத்துப்போன மாமா இருந்து வந்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை யாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பார்களோ! எனக்குப் பதினொரு வயது. முன் சீற்றில் ஏறி இருக்க வேண்டும் என்ற ஆசை தலைக்கேறியிருந்த காலம். இடத்தைப் பிடித்தவரோ எழும்பச் சொல்ல முடியாத ஆளாக வாய்த்துவிட்டார்.

அப்பா அந்தக் காரை வாங்கியதே ஒரு கூத்து. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் கார் வாங்கினால் நிறம் பார்ப்பார்கள், சில்லு பார்ப்பார்கள், பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்ப்பார்கள். அப்பா மட்டும், சுவரில் மோதவிட்டுச் சோதிக்கிறார்களே, அந்தச் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்று பார்த்தார். ஐந்துக்குக் குறைந்தால் பேச்சே இல்லை. இல்ஃபோர்டிலிருந்து சித்தப்பா போனில் நக்கலடித்தார்.

"பொம்பிளை எடுக்கேக்கையும் இவ்வளவு நட்சத்திரம் பாத்தனீங்களோ, அண்ணை?"

அப்பா சிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம் கிடைத்த பிறகும் ஆள் அடங்கவில்லை. கார் வழுக்கத் தொடங்கினால் ஒவ்வொரு சில்லையும் தானாகவே பிரேக் பிடித்து நேராக்குகிற ஒரு கருவி உண்டாம். அந்த மொடலில் கேட்டு வாங்கினால்தான் பூட்டித் தருவார்கள். கார் விற்றவர் அதே செலவில் கண்ணாடிக் கூரை போடலாம் என்று ஆசை காட்டினார். நானும் கெஞ்சினேன். அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"நட்சத்திரம் மோதினாப் பிறகு என்ன நடக்கும் எண்டுதான் சொல்லும். மோதாமல் இருக்கிறதுக்கு இதுதான் வேணும்" என்றார் சித்தப்பாவிடம்.

கார் வரும்வரை அந்தச் சோதனைப் படங்களைக் கொம்பியூட்டரில் போட்டுப் போட்டுப் பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். உள்ளே ஒரு குடும்பம். பொம்மைகள்தான், ஆனால் முன்னால் அப்பா, பின்னால் பிள்ளை என்று ஒழுங்காகப் பெல்ட் போட்டு இருந்தன. கார் மெதுவாக, மிக மெதுவாகச் சுவருக்குள் போகும். கண்ணாடித் தூள் பனி போலப் பறக்கும். எல்லாம் முடிந்த பிறகு பொம்மைகள் வந்த முகத்தோடேயே இருக்கும். அந்தப் பின் சீற்றுப் பிள்ளை என்னைப் பார்க்கிற மாதிரி இருந்ததால் நான் கதவடியில் நின்றுதான் பார்ப்பேன். படம் முடியும், அப்பா திரும்பவும் தொடக்கத்துக்குக் கொண்டுபோவார்.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். நாங்கள் சுவிஸில் இருந்த காலத்தில், ஒரு தை மாதம், வேலைக்குப் போன வான் பனியில் சறுக்கி அவர் செத்துப்போனார். எனக்கு அப்போது நாலு வயது. அவர் முகம்கூடச் சாமியறைப் படத்தில் பார்த்த முகம்தான். அதற்குப் பிறகுதான் லண்டனுக்கு வந்தோம். வான் சறுக்கியது, மாமா பெல்ட் போடவில்லை. இவ்வளவும்தான் வீட்டில் சொல்லப்பட்ட கதை. மிச்சம் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை.

கார் வந்து சில வாரங்களில், ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னேரமே இருட்டிவிட்டது. மழை, தெரு முழுக்க நனைந்த இலை. வளைவில் ஒரு நரி குறுக்கே வந்து நின்று எங்களையே பார்த்தது. அப்பா ஒடித்துத் திருப்பினார். காரின் பின்பக்கம் தன்பாட்டில் விலகிப் போவது என் வயிற்றுக்குத் தெரிந்தது. உடனே அடியில் கறகறவென்று ஒரு சத்தம். யாரோ கீழேயிருந்து சில்லைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு முன்னால், வழுக்குகிற கார் படம் கீறிய சின்ன மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. கார் நேரானது. நரியைக் காணவில்லை.

முன்னால் இருந்த அம்மா விளக்கையே பார்த்தபடி சொன்னார்.

"அண்ணை பிடிச்சிட்டார்."

அந்தக் கருவியைப் பற்றி ஊருக்கே விளக்கம் சொன்ன அப்பா, தெருவைப் பார்த்து ஓட்டத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னோடு பின்னால் வந்து ஏறினார். முன் சீற் வெறுமையாக இருந்தது. "நான் இருக்கட்டே?" என்றேன். அம்மா பார்த்த பார்வையில் என் இடத்திலேயே இருந்துவிட்டேன். கோயிலுக்குக் கொண்டுபோகும் தேங்காய்ப் பையை மட்டும் அந்தச் சீற்றில் வைத்தார். கார் நகர்ந்ததும் டிங், டிங் என்று மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ பெல்ட் போடாமல் இருக்கிறார் என்று கார் சொல்கிற மணி அது.

"பாத்தியளே, இப்பவும் போடேல்லை" என்றார் அம்மா, சின்னப் பிள்ளையைக் கண்டிக்கிற குரலில். எட்டி, ஒருவரும் இல்லாத சீற்றுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். மணி சட்டென்று நின்றது.

ஐயோ, அந்த அமைதி! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கனமான பை இருந்தால் அந்த மணி அடிக்கும் என்று இப்போது தெரிந்து என்ன பயன்? அன்றிலிருந்து பெல்ட் பூட்டாமல் கார் வெளிக்கிட்டதில்லை. நான் அந்தச் சீற்றுக்கு நேர் பின்னால் இருந்தேன். முழங்கால் அதில் முட்டாமல் ஒடுங்கியே இருப்பேன். அப்பாவும் ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் அந்தப் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். என்னுடையதைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவரும் நம்புகிறார் என்றே நினைத்தேன், அதனால் என் பயம் இரட்டிப்பானது.

மழையிலும் பனியிலும் விளக்கு இடைக்கிடை சிமிட்டும். "அண்ணை" என்பார் அம்மா, மெல்ல. வந்த உடனேயே அணைந்துவிடும். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலும்.

மாமாவின் திவசம் வந்தது. இல்ஃபோர்டில் சித்தி வீட்டில் எல்லாரும் கூடுவது வழக்கம். காலையில் அப்பா காரை இயக்கி விட்டு வெளியே நின்று கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினார். அம்மா படையலுக்கான பொங்கல் சட்டியைத் துணியில் சுற்றி முன் சீற்றில் வைத்து, பெல்ட்டைப் பூட்டினார். பிறகு கியருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தார். அதிலும் அதே வழுக்குகிற கார் படம் கீறியிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. சிமிட்டவில்லை, நின்று எரிந்தது. எப்போது இதைக் கண்டுபிடித்தாரோ தெரியாது. திரும்பி என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று கண்ணால் சொன்னார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

அப்பா ஏறினார். விளக்கைக் கண்டார். கை பொத்தானை நோக்கிப் போனது.

"இருக்கட்டும், அப்பா. இண்டைக்கு ஒருநாளாவது நிக்கட்டும்" என்றார் அம்மா.

அந்தக் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பி ஸ்டியரிங்குக்குப் போனது.

அப்படியொரு மெதுவான ஓட்டத்தை நான் கண்டதில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அப்பாவின் பிடரி வேர்த்திருந்தது. மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும் வளைவில், வெயில் படாத பக்கம், தெரு கறுப்பாக மினுங்கியது. நரியில்லை, ஒன்றுமில்லை. பின்பக்கம் விலகியது. நான் கறகறச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மரங்களும் வேலிகளும் சத்தமில்லாமல் ஜன்னலைக் கடந்து சுற்றின, அந்தப் படத்தில் போல மெதுவாக. முன் சீற்றின் பெல்ட் மட்டும் டக்கென்று இறுகியது. சில்லு நடைபாதை விளிம்பில் இடித்து, வந்த திசையைப் பார்த்தபடி நின்றோம்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அப்பா பொத்தானை அழுத்தினார். அணைந்தது.

"அது உம்மட அண்ணை இல்லையப்பா. வெளிச்சம் நிண்டு எரிஞ்சால், கருவி வேலை செய்யேல்லை, ஒருத்தரும் எங்களைப் பிடிக்கேல்லை எண்டுதான் அர்த்தம். இனி அதை அமத்தாதையும்" என்றார். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். தோள் குலுங்கியது. அப்பா அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அழவில்லை. இறங்கிப் போய் முன் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி, சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

"நீ முன்னுக்குப் போய் இரு, பிள்ளை."

எத்தனை நாள் ஆசை! இருந்தேன். சீற் சூடாக இருந்தது. பொங்கல் சட்டியின் சூடு என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு, எழும்பிப் போனவரின் சூடு என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாமாவை அப்பா துரத்திவிட்டார் என்று ஆத்திரமும் வந்தது.

நான் கார் ஓட்டப் பழகத் தொடங்கிய வருடம், பனியில் கவனம் என்று புத்தி சொல்லும்போது சித்தி பேச்சோடு பேச்சாக, எனக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிச் சொன்னார்.

"அண்டைக்கு மாமா போன அந்த வானை ஓடினது உன்ர அப்பாதானே."

அந்தத் திவசத்தன்று மேட்டுத் தெருவில், நான் முன்னால் ஏறிய பிறகும், அப்பா வெகுநேரம் காரை எடுக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளில் வைத்தார்.

"அண்ணை உங்களைக் கோவிக்கமாட்டார். நீங்கள் காரை ஓடுங்கோ" என்றார்.

விளக்கை அணைத்ததற்காகச் சொல்கிறார் என்று நினைத்தபடி, நான் என் பெல்ட்டைப் பூட்டினேன்.