லீவர் இருந்த இடத்தில் ஒரு மூடி

தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கார் தானாக ஓடி வருவது போலிருக்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் தெரியும். ஒருமுறை சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஆளில்லாத வண்டின்னு நெனச்சேன்மா."

"ஆள் இருக்கேன் சார். கொஞ்சம் கம்மியா இருக்கேன்."

டாக்சி கம்பெனியில் அவருக்கு முக்கால் என்று பெயர். இளைய ஓட்டுநர்கள் முக்காலக்கா என்பார்கள். பெயர் வைத்தவர் ஹாரன் அண்ணன். அவர் காதோடு ரகசியம் சொன்னாலும் எதிர்க்கடை வரை கேட்கும் என்பதால், பதிலுக்கு அக்கா அவருக்கு வைத்த பெயர் அது. இருவருக்கும் இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

அக்கா முதலில் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாவாக இருந்தார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்ப்பார்கள்; அவர் ஓட்டுநரின் கால்களைப் பார்ப்பார். எப்போது கிளட்ச், எப்போது பிரேக், எந்த மேட்டில் எந்த கியர் என்று பார்த்தே பாதி படித்துக்கொண்டார். மீதியைப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். உரிமத்துக்குப் போனபோது சோதனை அதிகாரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போய் வளர்ந்துட்டு வாம்மா" என்றார். இரண்டு பிள்ளை பெற்றவள் இனி எங்கே போய் வளர்வது? அடுத்த தடவை ஒரு மரப்பலகையைச் சீட்டில் போட்டு உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். சாலை தெரிய வேண்டும், பெடல் எட்ட வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதிகாரியின் நக்கல் சட்டத்தில் இல்லாத விதி. இல்லாத விதிகளால்தான் இந்த உலகில் பெரும்பாலோர் தோற்கிறார்கள்.

டாக்சிக்கு வந்த பிறகு பலகை தேவைப்படவில்லை. அவர் வீட்டுக்காரர் காருக்குச் சீட் உறை தைக்கும் தையல்காரர். அக்கா ஓட்டிய பழைய காரின் சீட்டைப் பிரித்து, உள்ளே கெட்டியான நுரை அடைத்து, வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்தார். அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் அக்கா பிள்ளைகளைப் படிக்க வைத்தார்; ஊரின் ஒவ்வொரு சந்துபொந்தையும் மனப்பாடம் செய்தார்.

ஒருநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டார். பழைய வண்டிகளையெல்லாம் விற்றுவிட்டு, டிக்கி உள்ள சின்ன செடான் எடுக்கப் போவதாகச் சொன்னார். விமான நிலையச் சவாரியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று தினமும் புகார். பெரிய கார் வாங்கினால் கட்டுபடியாகாது, சந்துக்குள் திரும்பாது.

"முக்கால், ஷோரூம்ல இருந்து வண்டி வருது. ஒருநாள் பூரா ஓட்டிப் பாத்துச் சொல்லு. குறை கண்டுபிடிக்கிறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல."

"மாமியார் வேலைக்குச் சரியான ஆளாத்தான் புடிச்சிருக்காரு" என்றார் ஹாரன் அண்ணன். கட்டடமே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. பழைய வண்டி போனால் அதோடு அந்தச் சீட்டும் போகும். புது வண்டி தன் உடம்புக்கு ஒத்துவராவிட்டால், அதன் பிறகு ஓட்ட வண்டி இல்லை. வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"புதுசோட சீட்டை நான் பிரிக்க முடியாது. ஒரு நூல் அறுந்தாலும் வாரண்டி போச்சும்பான். வாங்கும்போதே உன் அளவுக்கு இருக்கணும். நல்லா பாத்துக்க."

வண்டி வந்தது. வெள்ளை நிறம், மூக்கு குட்டை, பின்னால் பெட்டி ஒட்டவைத்தது போல டிக்கி. கூடவே வந்த விற்பனைக்காரத் தம்பி நடுவிலிருந்த திரையைத் தொட்டுத் தொட்டுப் பாட்டு மாற்றிக் காட்டினார்.

"பாட்டு இருக்கட்டும் தம்பி. டிக்கியத் திற."

அலுவலகத்திலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். பெரிய பெட்டி இரண்டு படுத்துக்கொண்டன, ஒன்று நின்றுகொண்டது. ஆனால் விளிம்பு உயரம். கனமான பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்கித்தான் போட வேண்டும். பின்கதவை முழுக்கத் திறந்து, முட்டியை மடக்காமல் ஏற முடிகிறதா என்று தானே விறைப்பாக ஏறிப் பார்த்தார். மருத்துவமனைச் சவாரிகள் அப்படித்தான் ஏறுவார்கள். ஹாரன் அண்ணனையும் இன்னும் இருவரையும் பின்சீட்டில் திணித்தார். நடுவில் உட்கார்ந்தவரின் காலுக்கடியில் தரை மேடாக இருந்தது.

"நடு ஆளுக்குக் கால் வைக்க இடமில்ல."

"என் தொப்பைக்கே இடமில்ல, கால் பத்திப் பேசுறா" என்றார் ஹாரன் அண்ணன்.

ஆள் நிறைந்த வண்டியை வேகத்தடையில் ஏற்றி, அடி உரசுகிறதா என்று காது கொடுத்தார். ஏசி ஓட, மேம்பாலத்தில் ஏற்றினார். பாதியில் மூச்சு வாங்கியது, இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மருத்துவமனைச் சந்தில் ஒரே வளைப்பில் திரும்பியது. நெரிசலில் கிளட்ச் லேசாக இருந்தது. டேங்க் நிரம்பப் பெட்ரோல் அடித்துக் கிளம்பி, சாயங்காலம் மறுபடி நிரப்பி, எவ்வளவு குடித்திருக்கிறது என்று பார்த்தார். குறைவாகத்தான் குடித்திருந்தது.

இவ்வளவும் பயணிக்காகவும் முதலாளிக்காகவும். தனக்காகப் பார்த்தது ஒன்றுதான். காலையில் முதன்முதலாக உட்கார்ந்தபோது சாலை ஸ்டீயரிங்கின் வளையத்துக்குள் தெரிந்தது. கை தற்செயலாகச் சீட்டின் பக்கவாட்டில் பட்டது. அங்கே ஒரு லீவர். இழுத்தார். சீட் ஒரு விரல் உயர்ந்தது. இன்னும் இழுத்தார். கிணற்றிலிருந்து வாளி ஏறுவது போல அவர் ஏறி வந்தார். பானெட்டின் விளிம்பு, அதற்கு முன்னால் தரை, ஓரத்தில் படுத்திருந்த நாய் வரை எல்லாம் தெரிந்தது.

"அண்ணே, ரோடு இவ்ளோ கிட்டத்துலயா ஆரம்பிக்குது?"

"அடிப்பாவி! இத்தனை நாள் எதை வெச்சு ஓட்டின?"

"நம்பிக்கைய வெச்சுத்தான்."

மறுநாள் முதலாளியின் அறையில் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். டிக்கி விளிம்பு, நடு மேடு, மேம்பாலத்தில் வாங்கிய மூச்சு, ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு, "டிரைவர் சீட்டு அருமைங்க. இதையே வாங்குங்க" என்றார். லீவரைப் பற்றிச் சொல்லவில்லை. காரில் ஸ்டீயரிங் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா?

அவருடைய தவறு அதுதான். ஓட்டிப் பார்த்தது எந்த வண்டி, வரப்போவது எந்த வண்டி என்று கேட்கவில்லை.

புது வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. அதே வெள்ளை, அதே குட்டை மூக்கு. சாவியை வாங்கிய அக்கா உட்கார்ந்ததும் கையைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனார். லீவர் இருந்த இடத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் மூடி ஒன்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். நடுவில் திரை இல்லை, ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்கும் கொக்கி இல்லை, கண்ணாடி சுவிட்சுகள் இருந்த இடமெல்லாம் மூடிகள். கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடிய முகம் போலிருந்தது.

விற்பனைக்காரத் தம்பிக்குப் போன் போட்டார்.

"அக்கா, அது குடும்ப மாடல். இது டாக்சி மாடல். பேரும் ஒண்ணு, பாடியும் ஒண்ணு, உள்ளதான் கொஞ்சம் வேற."

"அப்ப எதுக்குத் தம்பி அதைக் குடுத்து ஓட்டச் சொன்னீங்க?"

"டெமோ வண்டி மேல் மாடல்லதான்கா வரும். எல்லா இடத்துலயும் அப்படித்தான்."

எல்லா இடத்திலும் அப்படித்தான் என்பது ஒரு காரணமல்ல. குற்றம் பரவலாக நடக்கிறது என்பதற்கான வாக்குமூலம். லீவு நாளில் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவருக்குச் சீட் ஏறி இறங்குகிறது. விடிந்ததிலிருந்து அடையும் வரை அதிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மூடி. இது வெயில் மழை போல் தானாக வந்ததல்ல. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், ஏறி இறங்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, டாக்சி ஓட்டுகிறவனுக்கு இது வேண்டாம் என்று யாரோ பட்டியலில் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். அவர் மனதில் ஓர் ஓட்டுநர் இருந்திருப்பார்: ஆண், நடுத்தர உயரம், வலிக்காத முதுகு. அப்படி ஒருவர் எந்த டாக்சி நிறுத்தத்திலும் இல்லை.

அக்கா முதலாளியிடம் போனார்.

"எல்லாருக்கும் ஒரே வண்டிதான். உனக்கு மட்டும் சிம்மாசனமா?"

"சிம்மாசனம் வேண்டாங்க. ரோடு தெரிஞ்சா போதும்."

"நீதானே சீட்டு அருமைன்னு சொன்னே? உன் வாயால கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு இனிச்சது இன்னிக்குக் கசக்குதா?"

சொன்ன சொல்லே காலைச் சுற்றியது. அக்கா திரும்பிவிட்டார். வெளியே ஹாரன் அண்ணனும் மற்றவர்களும் 'சிம்மாசனம்' என்று சொல்லிச் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் கெட்டி நுரையில் ஒரு திண்டு தைத்தார். முன்பக்கம் சரிவாக, பின்பக்கம் உயரமாக. சீட்டின் முதுகைச் சுற்றி இறுக்க இரண்டு வார். ஒரு நூலைக்கூட வெட்டாமல் கட்டிக்கொள்ளலாம். சில வாரம் அதில் நன்றாகவே ஓடியது.

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுடி முக்கால்" என்றார் ஹாரன் அண்ணன்.

"காரம் போகாதுண்ணே. கண்ணுதான் எட்டல. இப்ப அதுவும் எட்டுது."

பிறகு ஒரு பயணி அந்த வாரைப் படமெடுத்து, 'புது டாக்சியா, ஓட்டை பஸ்ஸா?' என்று கம்பெனிக்கு அனுப்பினார். முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"திண்டு வேணும்னா வெச்சுக்க. வாரை வெட்டிடு. பாக்கவே கேவலமா இருக்கு."

"வார் இல்லன்னா நிக்காதுங்க."

"நீ ஆடாம உக்காரு, அது ஏன் ஆடப்போகுது?"

வீட்டுக்காரர் தன் தையலைத் தானே பிரித்தார். கடைசி நூலை உருவியபோது, "வேலைய விட்டுடேன்" என்றார்.

"விட்டுட்டு?"

அவர் உருவிய நூலைச் சுருட்டி டப்பாவில் போட்டார்.

தூறல் விழுந்த ஒரு மதியம். பின்சீட்டில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. அக்கா பிரேக்கை மிதித்தார். மிதித்த வேகத்தில் திண்டு முன்னால் வழுக்கியது. அவர் உடம்பு ஸ்டீயரிங்குக்குக் கீழே இறங்கியது. சாலை மறைந்தது. கால் பிரேக்கிலிருந்து நழுவியது. சைக்கிள் தப்பிவிட்டது. வண்டி ஓரத்தில் நின்ற தள்ளுவண்டியில் மோதி, பிளாஸ்டிக் குடங்களும் வாளிகளும் சாலை முழுக்க உருண்டோடின. தள்ளுவண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். பின்சீட்டுப் பெண்ணின் நெற்றி வீங்கிவிட்டது.

வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொம்பள, அதான்" என்றார். வண்டி ஏன் இடித்தது என்று தேடும் வேலை அத்தோடு முடிந்தது.

முதலாளியின் அறையில் அக்கா நின்றார். முதலாளி கோபப்படவில்லை. அவர் குரலில் இரக்கம் வழிந்தது.

"உனக்கு நேரம் சரியில்லம்மா."

"நேரம் சரியாத்தாங்க இருந்துச்சு. திண்டுதான் நழுவுச்சு. வாரை வெட்டச் சொன்னது நீங்க."

முதலாளி மேசை மேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார்.

"உன்னை வெளிய அனுப்ப எனக்கு மனசில்ல. போன் எடுக்கிற ரூம்ல ஒரு ஆள் வேணும். சம்பளம் கம்மிதான். ஆனா உக்காந்த எடத்துல வேலை."

அந்த வாரம் முழுக்க முதலாளியின் பெரிய மனதைப் பற்றித்தான் கம்பெனியில் பேச்சு. அக்காவின் காது படவே, கையெடுத்துக் கும்பிடணும் என்றார்கள். காரணத்தை மறைக்க இரக்கத்தைப் போல வசதியான திரை வேறில்லை.

போன் அறைக்கு ஜன்னல் கிடையாது. எதிரே சுவர், மேசை மேல் ஒரு கணினித்திரை. அதில் ஊரின் தெருக்கள் கோடுகளாகவும், கம்பெனி வண்டிகள் நகரும் புள்ளிகளாகவும் இருக்கும். அக்காவின் வண்டி இப்போது ஹாரன் அண்ணனிடம் இருந்தது.

"முக்கால், மருத்துவமனைச் சந்துல நிக்கிறேன். அடுத்த சவாரிய வேற யாருக்காவது குடு."

"ஏண்ணே?"

"முதுகு புடிச்சுக்கிச்சு. என் உயரத்துக்குக் கூரையில தலை இடிக்குது, குனிஞ்சே ஓட்ட வேண்டியிருக்கு. வயசாயிடுச்சுல்ல."

"வயசில்லண்ணே. சீட்டு."

மறுமுனையில் முதல்முறையாக அவர் மெதுவாகப் பேசினார். "நீ சொன்னப்ப நாங்கல்லாம் சிரிச்சோம்ல?"

அக்கா அந்தச் சவாரியை வேறு ஒரு புள்ளிக்கு மாற்றிவிட்டார்.

அந்த அறைக்கு வந்த முதல் நாள், உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவர் கை நாற்காலியின் பக்கவாட்டுக்குப் போனது. அங்கே லீவர் இருந்தது. இழுத்தார். நாற்காலி வழுவழுவென்று உயர்ந்தது. கால்கள் தரையை விட்டுத் தொங்கின. எதிரே சுவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. மறுபடி கீழே இறக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த லீவரை அவர் தொடவே இல்லை.