வெள்ளிக்கிழமைக் குரல்

பாட்டுக்கு நடுவே யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும். வானொலி அறிவிப்பாளர்களில் பாதிப் பேரின் வாயை மனதுக்குள் பலமுறை கட்டிப் போட்டிருக்கிறேன். பதுளையில் கசெட் கடைகள் இருந்த காலத்திலிருந்து பாட்டு சேர்க்கிறேன். என் அலமாரி நிறைய இருப்பவற்றில் ஒன்றை மட்டும் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என் கூட்டாளி, தானே எழுதித் தானே பாடிய கசெட் அது.

மெட்டு சுமார்தான். வரிகள் ஆளைப் பிடித்து உலுக்கும். பெயர் பெற்ற பாடலாசிரியர்கள் மலையைப் பச்சைக் கம்பளம் என்பார்கள். இவன் ஒருவன்தான், மலை ஏறினால் முட்டி வலிக்கும் என்று எழுதினான். காமன் கூத்துக்கு அவன் கட்டிய பாட்டுகளைக் கேட்க அடுத்த தோட்டத்துச் சனமெல்லாம் நடந்து வரும்.

அவன் நாக்கில் ஒரு புண் வந்தது. வெற்றிலைப் புண் என்று எல்லோரும் சொன்னோம். ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். நாக்கை எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றும் சொன்னார்கள்.

கேட்டதும் நான் என் நல்ல ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அவனுடைய லயத்துக்கு ஓடினேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். அவனுடையது கடைசிக்கு முந்தியது. எழுதி வைத்திருக்கிற பாட்டையெல்லாம் பாடிவிடு என்று கெஞ்சினேன்.

"பாட்டு கெடக்கட்டும் மச்சான்," என்றான். "மகளுக்குப் பேசி வைக்கணும்."

மகள் சவூதியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில்தான் போன் அவள் கைக்கு வரும். அன்றைக்கு அப்பா ஒரு குரல் மெசேஜ் அனுப்புவான், அவளும் ஒன்று அனுப்புவாள். ஒப்பந்தம் முடிய இன்னும் மாசக்கணக்கில் இருந்தது. அதுவரைக்கும் வாராவாரம் அனுப்பத் தன் குரல் வேண்டும் என்றான். அவன் மனைவியும் அதில் உறுதியாக இருந்தாள்.

"சொன்னா அழுதுக்கிட்டேதான் வேல செய்வா. அந்த வீட்டுக்காரங்க வரவா விடப்போறாங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கடைசியாக இருக்கிற குரலைச் 'சாப்பிட்டியா'வுக்குச் செலவழிக்கிறானே என்று வயிறெரிந்தது. ஆனாலும் வேலையை ஒழுங்காகச் செய்தேன். பக்கத்துக் காம்பராவில் டிவியை நிறுத்தச் சொன்னேன். நாயைத் தூரமாகக் கட்டச் செய்தேன். கதவு இடுக்கில் கம்பளியைத் திணித்தேன். வெளியே பிள்ளைகள் கத்தியபோது நிறுத்தி, மறுபடி பேச வைத்தேன்.

"சாப்டியாம்மா? இங்க நல்ல மழ. ஒங்கம்மா கொழுந்துக்குப் போயிட்டா." "சளி புடிச்சிருக்கு, அதிகம் பேச ஏலாது. நீ ஒடம்பப் பாத்துக்க." "ஒன்னும் யோசிக்காத. அப்பா நல்லா இருக்கேன்." நினைத்ததில் பாதிகூடப் பேச முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் புண் பல்லில் உரசி, கண்ணில் தண்ணி வழிந்தது. குரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. பாவி, அவ்வளவு நல்ல பாடகன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளிதோறும் நான் பஸ் ஏறி அவனிடம் போவேன். ரெக்கோடரிலிருந்து எல்லாவற்றையும் அவனுடைய போனுக்கு மாற்றி வைத்திருந்தேன். எதை அனுப்புவது என்று விரலால் காட்டுவான். மழை பெய்தால் மழைப் பேச்சு. அனுப்புமுன் அதைக் காதோடு வைத்துக் கேட்பான். தன் பாட்டைக்கூட அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு அவளுடைய பதில் வரும். என்ன கேட்டிருந்தாலும் சொல்ல அவனுக்கு வழியில்லை; எழுதி அனுப்பினால் ஏன் பேசவில்லை என்பாள். போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நோய் கழுத்துக்கு இறங்கியது. ஒரு புதன்கிழமை செத்துப்போனான். தப்பு மேளம் அடித்து, தேயிலை மலைக்கு மேலே கொண்டுபோய்ப் புதைத்தோம். அந்த வெள்ளியும் மனைவி போனை என் கையில் கொடுத்தாள். அவன் இல்லாத வீட்டில் உட்கார்ந்து, "அப்பா நல்லா இருக்கேன்" என்பதை அனுப்பினேன். இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை நான் செய்ததில்லை என்று தோன்றியது.

பதில் உடனே வந்தது. மகளின் குரல் என்னிடம்தான் பேசியது.

"மாமா, நீங்கதான் அனுப்புறீங்கன்னு தெரியும். அப்பாவத் தூக்கிட்டுப் போறத யாரோ பேஸ்புக்ல போட்டிருந்தாங்க, பாத்துட்டேன். மொத மெசேஜ்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா, என்னமோ நடக்குதுன்னு. நம்ம லயத்துல என்னைக்கு அவ்வளவு அமைதியா இருந்திருக்கு? பக்கத்து வீட்டு டிவி இல்ல, நாய் இல்ல. அப்பாவ எங்கயோ பொட்டிக்குள்ள வச்சுப் பேசவிட்ட மாதிரி இருந்துச்சு. இப்பிடிச் சுத்தமா ரெக்கோட் பண்ண ஒங்களத் தவிர யாரு இருக்கா? நீங்க மறைக்கிறீங்கன்னுதான் நானும் கேக்கல."

மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினாள்.

"அம்மாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லாதீங்க. இன்னும் மிச்சம் இருக்குமில்ல? எல்லாத்தயும் ஒரேயடியா அனுப்பிராதீங்க மாமா. நான் வர்ற வரைக்கும் வெள்ளிக்கு ஒன்னா அனுப்புங்க."

அவள் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. போனில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.